அடைப்பெடுக்கும் மிஷின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளமான ஸ்பிரிங் கேபிளைச் சாக்கடைக் குழாய்க்குள் சுற்றவிட்டு, அதன் நுனியிலுள்ள கட்டரால் அடைப்பெடுப்பதுதான் ஸ்பிரிங் மிஷின். தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் அதை ஓட்டுவதைப் பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துத் தவறுகள் அப்படியே கண்ணில் படுகின்றன. ஷூ போடு, கண்ணாடி போடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

மிஷினைத் தள்ளி வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. "டைல்ஸ் அழுக்காகும், வெளியவே வைங்க" என்பார் வீட்டுக்காரர். பையனும் பாத்ரூம் வாசலில் மிஷினை வைத்து, ஆறேழு அடிக் கேபிளைத் தரையில் ஓடவிடுவான். குழாய் வாயிலிருந்து 2 அடிக்குள் வைக்க வேண்டும் என்று டிரம் மிஷின் (கேபிளை டிரம்முக்குள் சுருட்டி வைத்திருக்கும் வகை) கையேடுகளிலேயே போட்டிருக்கிறது.

கட்டர் உள்ளே வேரிலோ துணியிலோ சிக்கி நின்றாலும் மோட்டார் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முறுக்கு முழுவதும் கேபிளில் ஏறும். குழாய்க்குள் சுவர் தாங்கும். வெளியே தாங்க ஒன்றுமில்லை, கேபிள் வளையமாக எழும்பிக் கையைச் சுற்றிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், கால் சுவிட்ச் எட்டவில்லை என்று அதன்மேல் செங்கல்லை வைத்துவிட்டான். குழாய் வளைவில் கட்டர் சிக்கியது, கேபிள் மணிக்கட்டைச் சுற்றியது. காலை எடுத்தால் நின்றிருக்க வேண்டிய மிஷின், செங்கல் அழுத்தியதால் நிற்கவில்லை. பக்கத்திலிருந்தவர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் இரண்டு விரல் முறிந்துவிட்டது. சுண்டுவிரல் இன்னும் சரியாக மடங்குவதில்லை. டைல்ஸை வேலை முடிந்ததும் கழுவிக் கொடுத்திருக்கலாமே!

கிட்டே வைக்க இடமே இல்லையென்றால், அதே அளவு பைப்பைக் குழாய் வாயில் மாட்டி மிஷின் வரை நீட்டிக்கொள்ளுங்கள். கால் சுவிட்ச் எப்போதும் உங்கள் காலடியிலேயே இருக்கட்டும். கேபிள் வளையத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ரிவர்ஸ், சிக்கியதை விடுவிக்க மட்டும்தான்.

துணிக் கையுறை

வேண்டாம். கேபிள் சுருளில் நூல் மாட்டும். ரப்பரை மட்டும் போட்டாலும் கேபிள் இழுத்துக்கொள்ளும். மேலே தோல் கையுறை, அழுக்குத் தண்ணீருக்காக உள்ளே ரப்பர்.

ஆசிட்

"குழாயில் ஏதாவது ஊத்துனீங்களா?" என்று முதலில் கேளுங்கள். ஊற்றியிருந்தால், திரும்பி வரும் கேபிள் அதை முகத்தில் தெறிக்கவிடும்.

கரண்ட்

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் ஈரத்தரை வேலை கூடாது.

ஜெட் தண்ணீர்

அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் மிஷினின் தண்ணீர் தோலைத் துளைத்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். தண்ணீரும் சாக்கடைக் கிருமியும் தசைக்குள் போயிருக்கும். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்போதே போங்கள். "ஜெட் தண்ணி உள்ளே பாய்ந்துவிட்டது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.