உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கப் பத்திரிகைகளைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் ஒன்றைப் பற்றி ஒன்று கேள்விப்படாமலே அடிமை முறை விவகாரத்தில் 1861-இல் மோதிக்கொண்டன என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய தாள்களைப் புரட்டினால் அந்த எண்ணம் போய்விடும். எதிர்த்தரப்புச் செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. அதில் எதைக் கத்தரித்து எடுத்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1856 மே 22 நல்ல தொடக்கம்: தெற்கிலுள்ள தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ், அடிமை முறையை எதிர்த்த வடக்கு மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை, செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் விளாசிய நாள். வடக்குக்கு நியூயார்க் டிரிப்யூன், தெற்குக்கு ரிச்மண்ட் என்குவயரர், நடுவில் வாஷிங்டனின் நேஷனல் இன்டெலிஜென்சர்; மூன்று போதும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அக்காலத் தாள்கள் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சொல் தேடலை மட்டும் நம்பாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி கண்டபடி படித்து வைத்திருக்கும். சம்பவ நாளிலிருந்து மூன்று வாரத்துக்குப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

ஒரே தேதியிட்ட இதழ்களை ஒப்பிடுவது பலரும் செய்கிற தவறு. தந்தியில் முதலில் சில வரிகளே வரும்; விவரம் பின்னால் தபாலில் வரும். ஒரு தாள் பக்கம் பக்கமாக எழுதிய நாளில் இன்னொன்றுக்குச் செய்தியே முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. அதை வைத்து ‘மூடிமறைத்தார்கள்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு துணுக்கும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று குறியுங்கள். முக்கியமான வேலை இதுதான். 1792 தபால் சட்டத்தால் பத்திரிகைக்காரர்கள் தங்கள் தாள்களைத் தபால் செலவில்லாமல் பரிமாறிக்கொள்ள முடிந்தது. ஆசிரியர் மேசையில் ஊர்ப்பட்ட தாள்கள், பக்கத்திலேயே கத்தரிக்கோல். சுடுகிற வரிகளுக்குத்தான் அங்கே கிராக்கி. பாஸ்டனில் கேரிசன் நடத்திய அடிமை ஒழிப்புப் பத்திரிகையான லிபரேட்டர் சொற்பப் பிரதிகளே போன தாள். 1830களில் தெற்கில் அதன் பெயர் அடிபட்டதற்குப் பெரிய காரணம், தென்னக ஆசிரியர்களே திட்டுவதற்காக அதை எடுத்துப் போட்டதுதான். ஒரு வார இதழ்களில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த துணுக்குகளை எண்ணி வசவு, மிரட்டல், சாதாரணச் செய்தி என மூன்று கட்டங்களில் எழுதுங்கள். மூன்றாவது கட்டம் எவ்வளவு நிறைகிறது என்று பாருங்கள்.

செய்தி எது, தலையங்கம் எது என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களே அவ்வளவாகப் பிரிக்கவில்லை. தாள் எந்தக் கட்சியின் பக்கம் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மௌனத்தையும் பதிவுசெய்யுங்கள். 1860 நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்ற குடியரசுக் கட்சியின் லிங்கன் தன் பெயரில் புதிய அறிக்கை எதுவும் விடவில்லை. நவம்பர் 20 அன்று தன் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் அதே கட்சிச் செனட்டர் லைமன் டிரம்புல் ஆற்றிய உரைக்கு ஒரு பகுதியை மட்டும் எழுதிக்கொடுத்தார். எட்டு நாள் கழித்து ஒரு கடிதத்தில் குமுறுகிறார்: பாஸ்டன் கூரியர் வகையறா, புதிய அரசு கட்சிக் கொள்கையைக் கைவிடப்போவதாக அந்த உரையை வடக்கிடம் காட்டுகிறது, வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் வகையறா, பகிரங்கப் போர்ப் பிரகடனம் என்று அதே உரையைத் தெற்கிடம் காட்டுகிறது. உரையை முதலில் முழுதாக வாசியுங்கள். பிறகு எந்தத் தாள் எந்த வரியைப் பிடித்துக்கொண்டது என்று இரண்டு நிற மையில் அடிக்கோடிடுங்கள். இரண்டு தாள்களுமே தொடாத வரிகளைத் தனியே எழுதி வையுங்கள்.