சாக்ஸும் பேஸும் வாசிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 21 உலக இசை நாள். 1982-இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம் இது. புதுச்சேரியிலும் அன்று மாலை தெருவில் நின்று வாசிப்பார்கள். இந்த முறை கடலூரிலிருந்து ஒரு தம்பி ஆல்டோ சாக்ஸபோனோடு வந்திருந்தார். கீபோர்டுக்காரரிடம் ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி, கேட்டார். அவர் “சி” என்றார். பாட்டு தொடங்கியதும் சாக்ஸ் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் ஒரு பக்கம். நான்கு வரி கழித்துத்தான் தம்பி சேர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் பழைய நாள் ஞாபகம் வந்தது.

சாக்ஸின் ஊதுமுனையில் பொருத்தும் ரீடை நனைக்காமல் ஊதுவது, துடைக்காமல் பெட்டியில் வைப்பது போன்றவற்றை வாத்தியாரே முதல் வாரத்தில் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுருதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

பேஸ் கிடாரில் ‘சி’ என்றால் கீபோர்டின் ‘சி’தான். ஆல்டோ அப்படி இல்லை. அதில் ‘சி’ விரல் வைத்து ஊதினால் கேட்பது இ ஃப்ளாட், அதாவது இரண்டரைக் கட்டை. அதனால் பாட்டு எந்தச் சுருதியோ, அதிலிருந்து மூன்று அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் மூன்று சாவி) கீழே இறங்கி விரல் வைக்க வேண்டும். பாட்டு சி என்றால் ஆல்டோவுக்கு ஏ. டெனர் என்ற இன்னொரு வகை சாக்ஸுக்குக் கணக்கே வேறு, அங்கே டி.

இரண்டு கருவியும் வாசிப்பவருக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. மூன்று கட்டை, அதாவது இ மேஜர், பேஸுக்குச் சொந்த வீடு மாதிரி. தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினாலே சட்ஜமம் வந்துவிடும். அதே பாட்டு ஆல்டோவில் சி ஷார்ப் மேஜர். ஏழு ஷார்ப், அதாவது ஏழு சுரமும் அரைச்சுரம் ஏறும்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஒரே பாட்டுக்கு இரண்டையும் வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். மூன்று கட்டை என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார்கள். ஈ.சி.ஆர். பஸ்ஸில் போகும்போதுதான் சாக்ஸ் பகுதியை எழுதினேன். மூன்று அரைச்சுரம் என்பது சரியாக ஞாபகம் இருந்தது. ஆனால் கீழே இறக்காமல் மேலே ஏற்றி, ஜி-யில் எழுதிவிட்டேன்.

பேஸ் இருபது நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் சாக்ஸை எடுத்தேன். ஜி விரலுக்கு வெளியே வருவது பி ஃப்ளாட். நானே வாசித்து வைத்திருந்த இ-க்கு அது ஆறு அரைச்சுரம் தள்ளி நிற்கும் பிரதி மத்திமம். சட்ஜமம் வந்து நிற்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் பிரதி மத்திமம் வந்து நின்றது. தவறு புரிந்தும் அங்கேயே ஏழு ஷார்ப்புக்கு மாற விரல் வரவில்லை. அதையே டி ஃப்ளாட் என்று எழுதினால் ஐந்து ஃப்ளாட்தான், விரல் அதேதான், கண்ணுக்குச் சுலபம் என்பதுகூட அன்று தோன்றவில்லை. இரண்டு மணி நேரம் போயிற்று. அந்த வாடகையை என் சம்பளத்தில் பிடித்தார்கள். சாக்ஸை வேறொருவர் வந்து வாசித்தார். அதன்பின் அங்கிருந்து பேஸுக்குக்கூட அழைப்பு வரவில்லை. தெரிந்த கணக்கில் தவறினேன் என்பது இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

கடலூர்த் தம்பிக்கு நடந்தது இதன் இன்னொரு வடிவம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டால் எந்தச் சுருதிப் பாட்டையும் சி விரலிலேயே வாசிக்கலாம். கீபோர்டுக்காரர் சொன்ன ‘சி’ அவருடைய விரல்; பாட்டின் சுருதி அல்ல. “டிரான்ஸ்போஸ் போட்டிருக்கீங்களா சார்?” என்று முதலில் கேளுங்கள். அதைவிட நல்லது, பேஸ் வாசிப்பவரிடம் கேட்பது.

“ஆப்பில் போட்டால் மாத்திக் குடுத்துடும்ணே” என்றார் தம்பி. காகிதத்தில் இருப்பதை அது மாற்றித் தரும். பாடகிக்குத் தொண்டை கட்டி, மேடையில் நின்றுகொண்டு அரைக் கட்டை இறக்கச் சொன்னால் விரல்தான் மாற வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு சுருதி என்று வைத்து, ஒரே பாட்டைப் பன்னிரண்டு நாள் வாசியுங்கள். பிறகு அடுத்த பாட்டு. நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இதைத் தொடங்கினேன்.

கடற்கரையில் பெட்டியைத் திறந்து போடுவது

வேண்டாம். உப்புக்காற்றில் எஃகு ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

பேஸில் சாக்ஸ் வாசிப்பது

பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் சாக்ஸ் புகுந்து வாசிக்கலாம்; பேஸ் கையில் இருக்கும்போது அந்த இடமெல்லாம் நம்முடையது இல்லை.

பெயர் சொல்லாமல் கிளம்புவது

ஜேம்ஸ் ஜேமர்சன் அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் ஜாஸ் கிளப்புகளில் டபுள் பேஸ் வாசித்தவர். 1960-களில் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு அவர்தான் பேஸ். உலகமே கேட்டது, ஆனால் பெரும்பாலான தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1971-இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் அது அச்சில் வந்தது. அந்த நிலைமை எந்தக் கலைஞருக்கும் வரக்கூடாது. ரெக்கார்டிங் முடிந்து கருவியை உறையில் போடும் முன், வாசித்தவர்கள் பட்டியலை எழுதுகிறவரிடம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். இரண்டும் வாசித்திருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.