‘தி கோஸ்ட் கேமரா’ போன்ற பழைய பிரிட்டிஷ் திரில்லரைப் பார்ப்பது எப்படி?

1930களில் பிரிட்டனில் மலிவாக எடுக்கப்பட்ட திரில்லர் ஒன்றைப் பார்க்க உட்காரும் முன், அதைப் பிறப்பித்த சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹாலிவுட் படங்களே அந்நாட்டுத் திரையரங்குகளை நிறைத்திருந்த நிலையில், விநியோகஸ்தர்களும் அரங்க உரிமையாளர்களும் குறிப்பிட்ட விழுக்காடு பிரிட்டிஷ் படங்களைக் கையாள வேண்டும் என்று 1927ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அமெரிக்க நிறுவனங்கள் பல, கணக்கை ஒப்பேற்றினால் போதும் என்று மலிவுப் படங்களை வாங்கிக் குவித்தன. பிலிம் ஓர் அடிக்கு ஒரு பவுன் (பிரிட்டிஷ் நாணயம்) என்பது அன்றைய பேச்சுவழக்கு விலை. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே படத்தின் நிமிடங்களை 90ஆல் பெருக்கினால் செலவின் உத்தேச அளவு கிடைத்துவிடும். 66 நிமிடப் படத்துக்குச் சுமார் 6,000 பவுன். இந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படத்தைத் தொடங்க வேண்டும்.

முதல் படமாக, பெர்னார்ட் வோர்ஹாஸ் 1933இல் ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவுக்காக இயக்கிய ‘தி கோஸ்ட் கேமரா’வைப் பரிந்துரைக்கிறேன். விடுமுறை முடிந்து வீடு திரும்பும் வேதியியலாளர் ஒருவர், யாருடையது என்று தெரியாத கேமரா ஒன்று தம் காரில் கிடப்பதைக் காண்கிறார்; உள்ளே இருக்கும் பிலிமைக் கழுவிப் பார்த்தால், ஒரு புகைப்படத்தில் கொலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகைப்படம் களவுபோகிறது. மிஞ்சிய நெகட்டிவ்களில் தெரியும் பெண்ணையும் இடங்களையும் துப்பாகக் கொண்டு அவர் தேடிப் புறப்படுகிறார். துரத்தலுக்கும் வெடிவிபத்துக்கும் பணம் இல்லாத இயக்குநர், சில புகைப்படங்களிலேயே மர்மத்தை முழுவதுமாக ஏற்றிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். இப்படத்தை நான் பெரிதும் மதிப்பதற்கு அதுவே காரணம்.

முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அசையாத கேமராவின் முன் இருவர் நின்று பேசிக்கொண்டேயிருக்கும் காட்சிகளில் நேரமும் பணமும் மிச்சப்படுத்தப்பட்டிருக்கும். அங்கே பொறுமை வேண்டும். ஆனால் நாயகனும் நாயகியும் புகைப்படத்திலுள்ள இடத்தைத் தேடி வெளியே கிளம்பும் பகுதிக்கு வந்ததும் படத்துக்கு மூச்சு வந்துவிடுகிறது. ஒரு காட்சித் துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டுகள் எங்கே விழுகின்றன என்று அப்போது பாருங்கள்: படத்தொகுப்பாளர், பிற்காலத்தில் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை இயக்கிய டேவிட் லீன்.

முகங்களையும் விட்டுவிடாதீர்கள். நாயகி ஐடா லுபினோவுக்கு அப்போது வயது 15. பின்னாளில், அக்கால ஹாலிவுட்டில் படம் இயக்கிய மிகச் சில பெண்களில் ஒருவரானார். கதையில் சந்தேகத்துக்கு ஆளாகும் நாயகியின் அண்ணனாக வருபவர் இளம் ஜான் மில்ஸ்.

பழைய பிரதிகளில் ஒலி இரைச்சலும் வெளிறிய படமும் இருக்கும். அவற்றை இயக்குநரின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. அதே சமயம், சட்டத்துக்காகக் கடனே என்று எடுக்கப்பட்டவை ஏராளம் என்பதால், பழைய படம் என்பதற்காகவே எதையும் போற்ற வேண்டியதும் இல்லை. அந்தக் குறையை உணர்ந்துதான் 1938ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சச் செலவு வரம்பை ஏற்படுத்தியது.

அடுத்ததாக, கட்டுக்கடங்காமல் ஓடும் ரயிலை வைத்து வோர்ஹாஸ் எடுத்த ‘தி லாஸ்ட் ஜர்னி’யையும் (1935), பிரிட்டிஷ் இயக்குநர் மைக்கேல் பவலின் ‘கிரவுன் வெர்சஸ் ஸ்டீவன்ஸ்’ படத்தையும் (1936) பாருங்கள். பின்னதில், கணவனைக் கொல்லத் துணியும் மனைவியாக வரும் பியாட்ரிக்ஸ் தாம்சனின் முகத்தின் மீது ஒளி எப்படி விழுகிறது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் தொடர்ந்து கவனியுங்கள்.