புரோலாக்டின் டெஸ்ட்டுக்குப் போகிறீர்களா?

ரிப்போர்ட்டில் புரோலாக்டின் கொஞ்சம் கூடியிருந்தால் உடனே 'மூளையில் கட்டி' என்று பயப்பட வேண்டாம். மூளைக்கு அடியில், சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி சுரக்கும், தாய்ப்பால் ஊறவைக்கும் ஹார்மோன் இது. அங்குள்ள மற்ற ஹார்மோன்களைப் பெரும்பாலும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி தூண்டிவிடும். புரோலாக்டினுக்கு மட்டும் டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்பி பிரேக் போட்டபடியே இருக்கும். பிரேக் தளர்ந்தால் அளவு ஏறும்.

வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் அப்படித் தளர்த்தும் மருந்து. பல அசிடிட்டி மாத்திரைகளில் பான்டோபிரசோலோடு இதுவும் சேர்ந்தே வருகிறது. அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சில மனநல மருந்துகளும் இதைச் செய்யும். எதையும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தூக்கத்தில் புரோலாக்டின் கூடும். அதனால் எழுந்ததுமே லேபுக்கு ஓடாமல், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். போனதும் மூச்சிரைக்கக் கையை நீட்டாமல் அரை மணி உட்காருங்கள். ஊசி பயமே அளவை ஏற்றிவிடும்! அப்புறம், தைராய்டு குறைந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் இது கூடும்.

தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வையும் மங்கினால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.