கல்லூரி கார்ட் ஒருவன் என்பிஏவில் தேறுவானா? பார்ப்பது எப்படி

2011 டிராஃப்டில் (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி) சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்கு இரண்டு கார்டுகள், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரர்கள், வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஜிம்மர் ஃப்ரெடெட், பத்தாவதாக எடுக்கப்பட்டவர். அந்த சீசனில் பிஒய்யு கல்லூரிக்கு ஆட்டத்துக்கு 28.9 புள்ளி அடித்து நாட்டிலேயே முதலிடம். இன்னொருவர் ஐசையா தாமஸ், உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், அறுபதாவதாக, அதாவது கடைசி ஆளாக எடுக்கப்பட்டவர். ஆறு வருடம் கழித்து 2016-17ல் என்பிஏவிலேயே ஆட்டத்துக்கு 28.9 புள்ளி அடித்தது தாமஸ். அதே எண் வந்தது தற்செயல்தான், ஆனால் அந்த நேரத்தில் ஃப்ரெடெட் ஷாங்காயில் ஆடிக்கொண்டிருந்தார். அங்கே ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி கூட அடித்திருக்கிறார், ஆக அவருக்கு பந்து போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

எனவே ஒரு கல்லூரிப் பையனைப் பார்த்ததும் "எத்தனை பாயிண்ட் அடிக்கிறான்" என்று ஆரம்பிப்பதை விட்டுவிடுங்கள். அவன் இப்போது செய்வதில் எது மேலே போனாலும் செல்லும், எது கல்லூரியோடு நின்றுவிடும் என்று பிரிப்பதுதான் நம் வேலை. ஃப்ரெடெட்டின் தூர எறிதல் என்பிஏவிலும் விழுந்தது, பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்தும் உரிமைதான் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை.

முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். எந்த வருடம் படிக்கிறான் என்பதை அல்ல, தேதியை. பதினெட்டு வயதுப் பையன் பதினைந்து புள்ளி அடிப்பதும் இருபத்திரண்டு வயதுக்காரர் இருபது அடிப்பதும் வேறு வேறு கதை, ஏனென்றால் பெரியவர் எதிரே நிற்பவர்களில் பலர் அவரைவிட மூன்று நான்கு வயது சின்னவர்கள். டெவின் புக்கரும் ஜேலன் பிரன்சனும் 1996ல் பிறந்தவர்கள், பிரன்சன் இரண்டு மாதம் மூத்தவர். 2017 மார்ச்சில் புக்கர் பாஸ்டனில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி அடித்தபோது பிரன்சன் இன்னும் வில்லனோவா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இதை வைத்து வயதானவரை ஒதுக்கிவிடவும் கூடாது, டேமியன் லில்லர்ட் வெபர் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்துதான் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். பெரியவர் என்றால் அவரிடம் கூடுதலாகக் கேளுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஃப்ரீ த்ரோ, எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தனி எறிதல். மூன்று புள்ளி எறிதல் (த்ரீ, வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போடுவது) எத்தனை சதவீதம் விழுகிறது என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள், ஆனால் ஒரு கல்லூரி சீசன் முப்பது சொச்சம் ஆட்டம், நூறு நூற்றைம்பது எறிதல்தான் இருக்கும், நான்கைந்து பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே போனதா என்பதிலேயே சதவீதம் எங்கோ போய்விடும். ஃப்ரீ த்ரோவில் காவல் இல்லை, தூரம் மாறாது, கையின் தரம் அப்படியே தெரியும். டைரீஸ் மேக்ஸி கென்டக்கி கல்லூரியில் த்ரீ போட்டது 29 சதவீதம், ஃப்ரீ த்ரோ 83. இரண்டாவது எண்ணை நம்பியவர்கள் ஜெயித்தார்கள், அவர் 2020ல் இருபத்தொன்றாவது இடம் வரை கீழே இறங்கி வந்தார். மார்கெல் ஃபுல்ட்ஸ் நேர் எதிர்: த்ரீ 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 65க்குக் கீழ், 2017ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார், அப்புறம் எறிதல் குலைந்துபோனது. தோள்பட்டை நரம்புப் பிரச்சினை என்று பின்னால் தெரிந்தது, அதை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது. இருந்தாலும் அந்த 65 முன்பே கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்.

த்ரீ பார்க்கும்போது எங்கே நின்று போடுகிறான் என்று கவனியுங்கள். கல்லூரிக் கோடு இப்போது 22 அடி 1¾ அங்குலம். என்பிஏவில் நடுவில் 23 அடி 9 அங்குலம், ஆனால் மூலையில் 22 அடிதான், அதாவது கல்லூரிக் கோட்டின் நடுவைவிட ஒரு துளி கிட்டே. கோட்டிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்று சாதாரணமாகப் போடும் பையனுக்கு என்பிஏ தூரம் புதிதில்லை. கோட்டை ஒட்டியே நின்று, அதுவும் காலை வசதியாக ஊன்றக் கிடைத்தால் மட்டும் போடுகிறவன் என்றால் மூலையில் நிற்க வைக்கலாம், பந்தைக் கொடுத்து ஆடச் சொல்ல யோசிக்கணும்.

இன்னொரு வித்தியாசம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யாரையும் காக்காமல் வளையத்துக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்பிஏவின் டிஃபென்ஸ் மூன்று வினாடி விதி கல்லூரியில் கிடையாது. எதிரணி உயரமான ஆள் வளையத்துக்கு அடியில் குடித்தனமே நடத்தலாம். அதனால் ஒரு கார்ட் உள்ளே நுழைய முடியாமல் திணறினால் அது அவன் குறையா, இல்லை அந்த நெரிசலா என்று பார்க்க வேண்டும். என்பிஏவில் இடம் அதிகம், ஆனால் நேரம் குறைவு (பந்தை எறிய முப்பது வினாடிக்கு பதில் இருபத்து நான்கு), வளையத்தருகே நிற்பவர் ஏழடி இருந்தும் வேகமாக நகர்பவர்.

கூட இருப்பவர்கள் யார் என்பதையும் விசாரியுங்கள். 2014-15 கென்டக்கி அணி 38 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்றில் தோற்றது, அதில் புக்கர் ஒரு ஆட்டத்தில் கூட முதல் ஐந்தில் இறங்கவில்லை, சராசரி 10 புள்ளி. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் யார் எடுப்பார்கள்? இன்னொரு பக்கம் ஃபுல்ட்ஸ் 23 புள்ளி அடித்த வாஷிங்டன் கல்லூரி அணி ஒன்பது ஆட்டம்தான் ஜெயித்தது. மோசமான அணியில் யாராவது பந்தைப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

சரி, இப்போது வீடியோ. ஹைலைட் பார்த்து முடிவு செய்வது கல்யாண ஆல்பம் பார்த்துக் குடித்தனத்தைக் கணிப்பது மாதிரி. குறைந்தது மூன்று முழு ஆட்டம் பார்க்க வேண்டும்: நல்ல டிஃபென்ஸ் உள்ள பெரிய கல்லூரிக்கு எதிராக ஒன்று, அவன் அணி வெளியூரில் ஆடியது ஒன்று, அவன் சொதப்பியது ஒன்று. சொதப்பிய ஆட்டம்தான் எனக்கு முக்கியம். வர்ணனையை அணைத்துவிட்டுப் பார்ப்பேன், வர்ணனையாளர் ஒருவரைத் தூக்கிப் பேசினால் நம் கண்ணும் கூடவே போய்விடும்.

பிக் அண்ட் ரோல், அதாவது உயரமானவர் வந்து கார்டைக் காப்பவனை மறித்து நின்றுவிட்டு (இதுதான் ஸ்கிரீன்) வளையத்தை நோக்கிப் போகும் ஆட்டம், வரும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஸ்கிரீனைத் தாண்டியதும் அவன் தலை எங்கே திரும்புகிறது? உருண்டு உள்ளே போகும் உயரமானவருக்குப் பந்து கொடுப்பது எல்லாக் கார்டும் செய்வது. எதிர் மூலையில் தனியாக நிற்பவனை, அவனைக் காக்கும் ஆள் ஒரு அடி உள்ளே வந்த அந்த நொடியிலேயே கண்டுபிடித்து, ஒரு கையால் நேராகப் பந்தை அனுப்புகிறானா? இது சொல்லிக்கொடுத்து வருவது கொஞ்சம்தான். ட்ரே யங் ஓக்லஹோமா கல்லூரியில் 27.4 புள்ளி, 8.7 அசிஸ்ட் (கூட ஆடுபவர் புள்ளி அடிக்க வைத்த பாஸ்) என்று இரண்டிலுமே நாட்டில் முதலிடம் பிடித்தார், கூடவே ஆட்டத்துக்கு ஐந்துக்கும் மேல் டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது. பலர் அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். டர்ன்ஓவரை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள். யாரும் பார்க்காத பாஸைக் கண்டு அனுப்பி அது நூலிழையில் தவறியதென்றால் மன்னிக்கலாம். ஒருவர் மேலே ஏறி நெருக்கியதும் பந்தைக் காலில் அடித்துக்கொள்கிறான் என்றால் அது மேலே போனால் இன்னும் மோசமாகும்.

அப்புறம் ஸ்கிரீன் இல்லாமல், எதிரே ஒருவனை நிறுத்தி, தாண்ட முடிகிறதா? வேகம் மட்டும் போதாது, வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றத் தெரிய வேண்டும். ஐந்தடி ஒன்பது அங்குல தாமஸ் பிழைத்தது இதனால்தான், முதல் ஆளைத் தாண்டி, உயரமானவர் மேல் மோதிக்கொண்டே போடுவார். இடது கையாலும் முடிக்கிறானா என்று தனியாக எண்ணி வையுங்கள்.

கையில் பந்து இல்லாதபோது என்ன செய்கிறான்? 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா கல்லூரி, டேவிட்சன் கல்லூரிக்கு ஆடிய ஸ்டெஃப் கரி மேல் ஆட்டம் முழுக்க இரண்டு பேரை ஒட்டவைத்தது. கரி என்ன செய்தார் தெரியுமா? மூலையில் போய் நின்றுகொண்டார். மீதி நான்கு பேர் மூன்று பேரை எதிர்த்து ஆடினார்கள். கரி எடுத்தது பூஜ்யம், டேவிட்சன் ஜெயித்தது 78-48. மறுநாள் ஸ்கோர் ஷீட்டை மட்டும் பார்த்தவருக்கு மோசமான ஆட்டம். எனக்கு அது அந்த சீசனிலேயே கரியின் மிகப் பெரிய சாட்சி. ஏழு மாதம் கழித்து டிராஃப்டில் மினசோட்டா அணி ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்து இரண்டு கார்டுகளை எடுத்தது, இரண்டுமே கரி இல்லை.

டிஃபென்ஸில் பெரிய ஸ்டீல்களை (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதை) பார்த்து மயங்க வேண்டாம். ஸ்கிரீனில் மாட்டினால் சுற்றிவந்து பிடிக்கிறானா, இல்லை கையைத் தூக்கி நடுவரைப் பார்க்கிறானா என்பதே போதும். உயரத்தைவிடக் கை விரிப்பைக் கேளுங்கள், அதுவும் மே மாதம் சிகாகோவில் டிராஃப்டுக்கு முன் அளப்பதை. கல்லூரி போடும் உயரத்தில் பெரும்பாலும் ஷூவும் கொஞ்சம் ஆசையும் சேர்ந்திருக்கும். என்பிஏ கார்ட் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரின் நீண்ட கைகள் அவருக்கு இரண்டு பக்கமும் உதவுகின்றன. சின்ன கார்ட் என்றால் எதிரணி வேண்டுமென்றே அவனைத் தேடி வந்து அவன் மேல் புள்ளி அடிக்கும், அதனால் மறுபக்கத்தில் அவன் மிகமிக நல்லவனாக இருந்தே ஆக வேண்டும். தாமஸுக்கு இடுப்பில் அடிபட்டு ஒரு அடி வேகம் குறைந்ததும் அணி மாறி அணி மாறி அலைந்ததை மறக்க முடியாது.

கடைசியாக, பார்த்ததை எழுதி, தேதி போட்டு, அப்புறம் திருத்தாமல் வையுங்கள். 2018 வசந்தத்தில் நான் பிரன்சனைப் பற்றி எழுதியது இன்னும் இருக்கிறது: "குள்ளம், குதிக்க மாட்டார், 22 வயது ஆகப்போகிறது, பேக்கப் கார்ட்." கீழே சின்ன எழுத்தில் "தன்னைவிடச் சின்னவர்களை முதுகால் தள்ளிக்கொண்டே போய்ப் போடுகிறார், கால் வேலை அற்புதம், அவசரமே இல்லை" என்றும் எழுதியிருக்கிறேன். டல்லாஸ் அவரை 33வதாக எடுத்தது. 2024 பிளே-ஆஃபில் நியூயார்க்குக்காக தொடர்ந்து நான்கு ஆட்டம் நாற்பதும் அதற்கு மேலும் அடித்தார், பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்தில் இருந்ததை வைத்தே.