கெர்னல் அடையாளம் காணாத பிராசசரில் அலைவெண் மாற்றத்தை இயக்கும் முறை

லினக்ஸ் நிறுவிய பழைய கணினியில், வேலை எதுவும் நடக்காத வேளையிலும் விசிறி ஓயாமல் இரைந்தால், பிராசசர் தன் அலைவெண்ணை (கடிகார வேகத்தை) குறைக்காமல் முழு வேகத்திலேயே ஓடுகிறதோ என்று ஐயப்பட வேண்டும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் இருப்பவருக்கு இந்த ஐயம் சீக்கிரமே வந்துவிடும்.

முதலில், சிஸ் (/sys) கோப்பு முறைமையில், பிராசசரின் ஒவ்வொரு கோருக்கும் சிபியுஃப்ரீக் என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதனுள் உள்ள ஸ்கேலிங் டிரைவர் என்ற கோப்பு வேகத்தை மாற்றும் டிரைவர் மென்பொருள்களில் எது இயங்குகிறது என்று சொல்லும். அடைவே இல்லையென்றால் எந்த டிரைவரும் பொருந்தவில்லை என்று பொருள். மெய்நிகர் கணினிக்குள் அது இல்லாதது இயல்பு.

2013இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 3.9 பதிப்புடன் வந்த இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர், தானே வேகத்தை நிர்வகிக்கும் வசதி இல்லாத பிராசசர்களை மாடல் எண் பட்டியலைக் கொண்டே ஏற்றுக்கொள்ளும்; பட்டியலில் இல்லாததை விட்டுவிடும். அப்போது ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் என்ற பொது டிரைவர் அந்த இடத்துக்கு வர வேண்டும். அதற்கு மாடல் எண் தேவையில்லை, ஆனால் எந்தெந்த அலைவெண்கள் உண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாறுவது என்ற அட்டவணையை பயாஸ் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) தர வேண்டும். அட்டவணை இல்லாவிட்டால், அப்படியொரு சாதனமே இல்லை என்ற பிழைச்செய்தியோடு டிரைவர் நின்றுவிடும். ஆகவே கெர்னலைக் குறைசொல்லும் முன் பயாஸைத் திறந்து, இன்டெல்லில் ஸ்பீட்ஸ்டெப், பழைய ஏஎம்டியில் கூல் அண்ட் கொயட் ஆகிய வேகம் மாற்றும் வசதிகள் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். கெர்னல் 5.17இல் வந்த ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவருக்கு, வேகத்தை நுணுக்கமாகக் கேட்டுப்பெற உதவும் சிபிபிசி வசதி வேண்டும்.

வேலூர் சத்துவாச்சாரியில் நான் பார்த்த ஒரு கணினியில், பழைய மதர்போர்டில் புதிய பிராசசரைப் பொருத்தியிருந்தார்கள். பயாஸுக்கு அந்தப் பிராசசரே தெரியாததால் அட்டவணையும் இல்லை. கெர்னலை இருமுறை மாற்றியும் தீராத சிக்கல், பயாஸைப் புதுப்பித்ததும் தீர்ந்தது. புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே பழுதாகலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

வேறு வழியில்லை என்று பி4-கிளாக்மாட் டிரைவரை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கடிகாரத் துடிப்புகளை இடையிடையே நிறுத்துகிறதே தவிர, மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

டிரைவர் பொருந்தியபின், வேகத்தை எப்போது ஏற்றுவது, இறக்குவது என்று முடிவுசெய்யும் கவர்னரைத் தேர்ந்தெடுங்கள். ஏசிபிஐ டிரைவருக்கு ஸ்கெட்யூட்டில் அல்லது ஆன்டிமாண்ட் போதும். இன்டெல் பி-ஸ்டேட்டின் ஆக்டிவ் முறையில் பர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்ற இரண்டே உண்டு. அங்கு பவர்சேவ் என்பது வேகத்தை அடியில் கட்டிவைப்பதன்று, சுமைக்கேற்ப ஏற்றி இறக்குவது.

ஒரு கோருக்கு மட்டும் சுமை கொடுத்து, அலைவெண் ஏறுகிறதா, சுமை நீங்கியதும் இறங்குகிறதா என்று பாருங்கள். சுமை இருக்கும்போதே இறங்கினால், அது பெரும்பாலும் சூட்டுக்கு அஞ்சி பிராசசர் தன்னைத் தடுத்துக்கொள்வதே. அதற்கு ஹீட்சிங்கின் தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்டை மாற்ற வேண்டும். கவர்னர் அமைப்பு மறுதொடக்கத்தில் அழிந்துவிடும் என்பதால், கவர்னரை அமைக்கும் சிபியுபவர் கட்டளையைத் தொடக்கச் சேவையாகப் பதிந்து வையுங்கள்.