குடையோடு கனசாவாவில் மூன்று நாள்

ஜப்பானில் ஒரே ஊரில் தங்கி நிதானமாகச் சுற்ற விரும்புவோருக்கு இஷிகாவா மாகாணத்தின் தலைநகரான கனசாவா மிகவும் ஏற்றது. 1583 முதல் மாயேதா பிரபுக்களின் இருப்பிடமாக விளங்கிய இக்கோட்டை நகரம், இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பியதால், அதன் பழைய தெருக்கள் பல இன்றும் அப்படியே இருக்கின்றன. தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சென்று சேரலாம்.

முதலில் குடை வாங்குங்கள். "சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறவாதே" என்று அவ்வூரார் சொல்வது வேடிக்கைக்காக அன்று. காலையில் வெயில் அடித்த நாளிலும் மாலையில் மழை பிடித்துக்கொள்ளும். தங்குமிடத்தை ரயில் நிலையத்தருகே எடுப்பதைவிடக் கோரின்போ பகுதியில் எடுத்தால், பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நடந்தே போய்விடலாம்.

முதல் நாள் விடியற்காலையிலேயே கென்ரோகுஎன் தோட்டத்துக்குச் சென்றுவிடுங்கள். கட்டண நேரம் தொடங்குவதற்கு முன் அங்கே இலவசமாக நுழையலாம். கட்டண நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இரண்டு கால்களில் ஒன்றைக் குளத்திலும் மற்றொன்றைக் கரையிலும் ஊன்றி நிற்கும் கல்விளக்கின் முன் பகலில் கூட்டம் நெரியும். அதிகாலையில் அதை ஏறக்குறைய தனியாகவே பார்க்கலாம். பிறகு சற்றுக் கீழே இறங்கி நீரூற்றைக் காணுங்கள். அதை இயக்க எந்த இயந்திரமும் இல்லை. மேலேயுள்ள கசுமிகாஇகே குளத்துக்கும் அதற்கும் உள்ள உயர வேறுபாடே நீரைப் பீய்ச்சுகிறது. 1631இல் நேர்ந்த பெருந்தீக்குப் பின் மறு ஆண்டே வெட்டப்பட்ட தத்சுமி கால்வாய்தான் இத்தோட்டத்துக்கு நீர் கொண்டுவருகிறது. நவம்பர் முதல், பனியின் கனத்தில் பைன் கிளைகள் முறியாதிருக்க அவற்றைக் கூம்பு வடிவில் கயிறு கட்டித் தூக்கி நிறுத்துகிறார்கள். குளிர்காலத்தில் செல்வோருக்கு அதுவே பெரிய காட்சி.

இரண்டாம் நாள் ஒமிச்சோ சந்தையில் மீன் உணவை முடித்துக்கொண்டு பழைய தேநீர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஹிகாஷி சாயா தெருவுக்கு நடக்கலாம். சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறிச் சூப் என்று தோன்றுவதிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். ஜப்பானின் தங்க ரேக்கு, அதாவது தட்டி மெல்லிதாக்கிய தங்கத் தாள், ஏறக்குறைய முழுவதும் இவ்வூரிலேயே தயாராவதால், அத்தெருவில் ரேக்கு ஒட்டிய ஐஸ்கிரீம் விற்கிறார்கள். தங்கத்துக்குச் சுவை கிடையாது. அப்பணத்தில் ரேக்கு தட்டும் பட்டறையொன்றைப் பார்ப்பது மேல். மரச்சட்டங்கள் அடைத்த அத்தேநீர் வீடுகள் மிக அழகாகத் தோன்றுவது, கடைகள் அடைத்துக் கூட்டம் கலைந்த பின்னர்தான்.

மூன்றாம் நாளை மழைக்கென்றே விட்டுவையுங்கள். இவ்வூரில் 1870இல் பிறந்த ஜென் அறிஞர் டி. டி. சுசுகியின் அருங்காட்சியகத்தில் ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. கூரையின் கீழ் அமர்ந்தபடி அதில் மழை விழுவதை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மறைவுப் படிக்கட்டுகள் நிறைந்த மியோரியூஜி கோயிலைப் பார்க்க முன்பதிவு அவசியம். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், அந்த மூன்றாம் நாள் திங்களில் விழாதபடி பயணத்தைத் தொடங்குங்கள்.